அஞ்சடி வட்டம்

எஞ்சினியரம்மா உள்ள இல்லீங்க. சைட்டுக்குப் போயிருக்குதாம். எந்தச் சைட்டு, எப்ப வரும்னு அந்த ஆபீஸ் பொண்ணுக்கும் தெரியலை. நானும் ஒம்பது மணியில இருந்து இந்தப் பெஞ்சுலதான் குந்தியிருக்கிறனுங்க. இப்படி ஃபேனுக்குக் கீழ வந்து உட்காருங்க. கையில என்னங்க, பிளானா? வீடு கட்டப் போறீங்களா? சந்தோசமுங்க.

பிரிச்சுப் பார்த்தீங்களா? பார்த்ததும் புரிஞ்சுதுங்களா? தலையை ஆட்டறீங்களே... அந்த ஆட்டத்துலதானுங்க என்ற குடி கெட்டுது.

மணி என்னங்க ஆச்சு? பத்தரையா? ஊட்டுல போனை எடுக்க மாட்டேங்கறா. நாலு தடவை அடிச்சுட்டேன். ஆனா இந்தம்மாவை இன்னைக்குப் பிடிக்காமப் போக முடியாதுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். பத்திரிகை அடிச்சு ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுத்தாச்சு. யாருக்குப் புண்ணியாச்சனை பண்றதுன்னுதான் தெரியலை. யாருக்காகக் கட்டினேனோ அவ வரமாட்டேங்கறா.

என்ற பேரு சென்னியப்பனுங்க. ரெஜிஸ்தர் ஆபீசுக்கு எதுத்தாப்புல, ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த ரூம். பத்திரம் எழுதறவன். முப்பத்திநாலு வருசம். கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடின்னு நான் எல்லை எழுதாத காடு இந்தச் சுத்துவட்டாரத்துல கம்மி. படிச்சுப் பார்க்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னு ஒரு நாளைக்கு இருவது பேருக்குச் சொல்றவனுங்க நான். பத்திரத்துல ஒரே ஒரு எழுத்து அடித்தல் திருத்தல் இருந்தாலும், கடைசிப் பக்கத்துல குறிப்பு எழுதி, சொத்துக்காரர் கையெழுத்து, கீழ ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்காம விடமாட்டேன். இந்தப் பாக்கெட்டுல பாருங்க, சிவப்புப் பேனா. தப்பைச் சுழிக்கறதுக்குன்னே வெச்சிருக்கறது.

இப்படிப்பட்ட ஆளு ஒரு வீட்டுப் பிளானைப் பார்த்துட்டு, அம்மணி எனக்குப் புரியலைன்னு எப்படீங்க கேக்கறது? நீங்களே சொல்லுங்க.

மொத நாளு அந்த எஞ்சினியர் பொண்ணு, கீர்த்தனான்னு பேரு, சின்னப் பொண்ணுதானுங்க, இதே ஆபீசுல மேசை மேல பிளானை விரிச்சுது. நாலு மூலையிலயும் நாலு கல்லு வெச்சுது. நானும் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தேன். கோடுங்க. ஒரே கோடு. ரெட்டைக் கோடு போகுது, திடீர்னு நிக்குது, ஒரு கால்வட்டம் வளையுது, மறுபடி கோடு. படிக்கட்டுன்னு ஒண்ணு பாதியில முறிஞ்சு கெடக்குது. ஓரத்துல வீட்டைக் கத்தி வெச்சு நெடுக்க அறுத்தாப்புல ஒரு படம். எனக்குப் புலப்படம் தெரியுமுங்க, கல்லு நம்பர் பார்த்து வயலுக்கு எல்லை சொல்லிருவேன். இது வேற சாதி. அரை மணி நேரம் அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல நான் ம்ம்னு தலையாட்டினேன். கடைசியா, ‘ஏதாவது சந்தேகம் இருக்குதுங்களா சார்?’னு கேட்டுது. ‘நான் பார்க்காத படமா அம்மணி’ன்னு சொன்னனுங்க. சிரிச்சுக்கிட்டே வேற சொன்னேன்.

அப்பப் புரியாததெல்லாம் இப்பப் புரிஞ்சுபோச்சு. உங்களுக்குச் சொல்றேன், கேட்டு வெச்சுக்கோங்க. ரெட்டைக் கோடுன்னா சுவரு. கோடு விட்டுப்போன இடம் வாசல். அந்தக் கால்வட்டம் கதவு தொறக்கற பக்கம். புள்ளிப் புள்ளியாப் போட்டிருந்தா... அதுக்குத்தானுங்க வர்றேன்.

என்ற சம்சாரம் தெய்வானை. எட்டு வருசத்துக்கு முந்தி என்ற மொபெட்டுல பின்னாடி உட்கார்ந்து வந்தவ, விழுந்துட்டா. வேகத்தடைங்க. வெள்ளைக் கோடு அடிக்கலை. கோடு அடிச்சிருந்தா எந்தக் குருடனுக்கும் தெரிஞ்சிருக்கும். வண்டியை நான்தான் ஓட்டினேன், அது இருக்கட்டும். முதுகெலும்புல அடி. ரெண்டு காலும் வேலை செய்யறதில்லை. சக்கர நாற்காலிதான். ஆனா கை ரெண்டுலயும் நல்ல பலமுங்க. கட்டில்ல இருந்து வண்டிக்கு அவளே தாவி உட்கார்ந்துக்குவா. உட்கார்ந்த மேனிக்கே ஆட்டு உரலைத் தவிர எல்லா வேலையும் பார்ப்பா.

அவளால முடியாதது ஒண்ணே ஒண்ணுதான். நாங்க இருக்கற வாடகை வீட்டுல பாத்ரூம் ரெண்டு படி கீழ. வண்டி எறங்காது. நான்தான் தூக்கிட்டுப் போகணும், தூக்கிட்டு வரணும். கதவைச் சாத்த முடியாது, நான் வெளிய நிக்கோணும். எனக்கு அதுல ஒரு சலிப்பும் இல்லீங்க, சாமி சத்தியமா இல்லை. அவளுக்குத்தான். இடம் வாங்கி வீடு கட்டலாம்னு பேச்சு வந்தப்போ, உனக்கு என்ன வேணும்னு கேட்டேன். ‘மாடமாளிகையெல்லாம் வேண்டாமுங்க. நானா பாத்ரூமுக்குள்ள போயி, நானா கதவைத் தாழ் போட்டுக்கிட்டு, நானா வெளிய வரோணும். அது போதும்’னா.

அதுக்காகத்தானுங்க கட்டினேன். இடத்தைக்கூட அவ பேருலதான் வாங்கினேன். ராசி அவளுக்குத்தான் நல்லா இருந்துது. சும்மா பேருக்குத்தான், அலைச்சல் பூரா என்னுது.

எஞ்சினியர் பொண்ணு ஒரு நாளு நான் ஆபீசுல இருக்கறப்போ எங்கூட்டுக்கு வந்திருக்குது. தெய்வானைகிட்ட ரெண்டு மணி நேரம் பேசியிருக்குது. டேப்பை வெச்சு வண்டியை அளந்திருக்குது, அவ கை எவ்வளவு எட்டுதுன்னு அளந்திருக்குது. சாயங்காலம் வந்து கேட்டப்போ எனக்கு எரிச்சலா வந்துது. நிலத்தை அளக்கலாம், சுவரை அளக்கலாம், பொம்பளை உட்கார்ற வண்டியை எதுக்கு அளக்கறதுன்னேன். பத்து நாள் கழிச்சு மாத்தி வரைஞ்ச பிளான் வந்துது. அதை மடியில விரிச்சு வெச்சுக்கிட்டு, விரலை ஒரு இடத்துல வெச்சு, ‘ஏனுங்க, இதுல வட்டம் இருக்குது பாருங்க’ன்னா. புள்ளி புள்ளியா ஒரு வட்டம் போட்டிருந்துது. அவ மூஞ்சியில அன்னைக்கு ஒரு களை. நான் ‘ம், ம்’ன்னேன். படம் அழகா இருக்குதுன்னு சொல்றாளாக்கும்னு நெனச்சுட்டேன்.

அன்னைக்கு அவகிட்டக் கேட்டிருக்கலாம். என்ன வட்டம்னு ஒரு வார்த்தை. பொண்டாட்டிகிட்டக் கேக்கறதுல என்ன கௌரவக் கொறச்சல்? ஆனா அவளுக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியலைன்னு ஆயிருமில்லீங்களா?

அடுத்த நாள் பிளானை என்ற ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். கோடு புரியலை, சரி. எண்ணு புரிஞ்சுதுங்க. ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் இத்தனைக்கு இத்தனைன்னு போட்டிருந்துது. அது நம்ம பாசை. பஞ்சாங்கத்தைத் தொறந்து கடைசிப் பக்கத்துல மனையடி சாஸ்திரத்தை வெச்சு ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்த்தேன். ஹால் பதினாறு, நல்லது. சமையக்கட்டு எட்டு, நல்லது. பெட்ரூம் பத்து, நல்லது. பாத்ரூம் ஏழுக்கு எட்டு.

ஏழு.

சிரிக்காதீங்க. ஏழு ஆகாதுங்க. நாங்க இருக்கற வாடகை வீட்டுல முன் ரூமு சுத்தமா ஏழடி. நான் நூல் பிடிச்சு அளந்திருக்கிறேன். அங்க குடிவந்து மூணாம் மாசந்தான் தெய்வானை விழுந்தா. அதுவரைக்கும் எங்க குடும்பத்துல ஒரு சிராய்ப்புக் கிடையாது. ஏழுதானுங்க அவளைத் தள்ளி விட்டுது, வேற என்ன? அந்த எண்ணு புது வீட்டுக்குள்ளயும் வந்து உட்கார்ந்திருக்குதுன்னா எனக்கு எப்படி இருக்கும்? இன்னும் அவகிட்ட எடுக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்குது?

சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஏழை அடிச்சு ஆறுன்னு போட்டேன். அந்த ஒரு அடியைப் பெட்ரூமுக்குக் கொடுத்தேன், பதினொண்ணு ஆச்சு, அதுவும் நல்ல எண்ணு. ஏதோ பெரிய காரியம் சாதிச்சாப்புல இருந்துது. அப்பத்தான் பாத்ரூமுக்குள்ள அந்தப் புள்ளி வட்டம் கண்ணுல பட்டுது. அண்டான்னு நெனச்சனுங்க. வென்னீர் அண்டா. இந்தக் காலத்துல யாரு அண்டா வெச்சுக் குளிக்கறா, ஹீட்டர் போடப் போறோமேன்னு அதும் மேல ரெண்டு கோடு கிழிச்சு, ‘தேவையில்லை’ன்னு எழுதி, கீழ உரிமையாளர்ங்கற இடத்துல சென்னியப்பன்னு முழுக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். சுருட்டிக் கொண்டாந்து இங்க ஆபீஸ் பொண்ணுகிட்டக் கொடுத்துட்டுப் போயிட்டேன்.

எஞ்சினியரம்மா போன் பண்ணுச்சு. இல்லேங்கலை. அன்னைக்கு முகூர்த்த நாளு, என்ற ரூமுல பதினஞ்சு பேரு நிக்கறாங்க. ‘சார், பாத்ரூம் விசயமா...’ன்னுது. ‘எழுதினபடி செய்யுங்கம்மணி, நான் யோசிக்காம எழுதமாட்டேன்’னு வெச்சுட்டேன். மறுபடி ஒரு தடவை பண்ணுச்சு. அப்பவும் அதேதான். படிச்ச புள்ளைங்க. எதுத்துப் பேசி, இல்ல சார் நீங்க பண்றது தப்புன்னு என்ற சட்டையைப் பிடிச்சுக் கேக்க வேண்டாமா? வூட்டுக்கு வந்து சொல்ல வேண்டாமா? எழுதினபடி செய்யுங்கன்னா செஞ்சிருவாங்களா? தப்பு அந்தப் பொண்ணு மேலயும் இருக்குதுங்க. நீங்க அதை உள்ள போய்ச் சொல்லிராதீங்க.

மணி பாருங்க. பத்தே முக்காலா?

வீடு வளர்ந்துது. தெய்வானையை அங்க கூட்டிட்டுப் போகலை. மண்ணு, ஜல்லி, வண்டி எங்க போகும்? சாயங்காலம் நான் வந்ததும் கேப்பா, ‘இன்னைக்கு எதுவரைக்குமுங்க?’ ‘ஜன்னல் மட்டம் வந்துருச்சு.’ ‘வட்டம் இருக்குதுங்களா?’ ‘இருக்குது, இருக்குது.’ தளம் போட்ட அன்னைக்குக் கேட்டா. பூசு வேலை நடக்கறப்போ கேட்டா. டைல்ஸ் ஒட்டறப்போ கேட்டா. ‘உள்ள அஞ்சடி இருக்குதுங்களா?’ ‘எல்லாம் இருக்குது, உனக்கு எதுக்கு அந்தக் கவலை?’ ஏழெட்டு மாசமுங்க. அந்த வட்டம் எதுக்குன்னே தெரியாம, நானும் ஒவ்வொரு தடவையும் இருக்குதுன்னு சொன்னேன். பொய் சொல்லோணும்னு சொல்லலை. இல்லைன்னா என்ன ஏதுன்னு கேப்பாளேன்னு சொன்னேன்.

போன ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனேன். அவ தம்பி வேன் கொண்டாந்தான். வாசல்ல படிக்குப் பதிலாச் சரிவு வெச்சுக் கட்டியிருந்துது, வண்டி சும்மா வழுக்கிட்டுப் போயிருச்சு. ஹாலு பூரா ஒரு சுத்துச் சுத்தினா. சமையல் மேடையை அவ உசரத்துக்கு அந்தப் பொண்ணு தாழ்த்திப் போட்டிருந்துது, அதைக் கையால தடவித் தடவிப் பார்த்தா. சிரிச்சாளுங்க. அவ பல்லைப் பார்த்து எத்தனை நாளாச்சு!

அப்புறம் நேரா பாத்ரூமுக்குப் போனா. ‘யாரும் வராதீங்க’ன்னா. நான் மட்டும் பின்னாடி நின்னுக்கிட்டேன்.

முன் சக்கரம் உள்ள போச்சு. பெரிய சக்கரமும் போச்சு. கால் வெக்கற பலகை போய் டாய்லெட்டுல இடிச்சுது. இடது பக்கம் திருப்பினா, சக்கரம் கை கழுவற தொட்டியில உரசுது. பின்னாடி வந்தா, கதவு சாத்தலை, வண்டி குறுக்கால நிக்குது. மறுபடி முன்னாடி போனா. மறுபடி இடிச்சுது. நாலு தடவை போனாளுங்க. டைல்ஸுல கறுப்பா நாலு கோடு. நான், ‘கொஞ்சம் பழகினா வந்துரும் தெய்வானை’ன்னேன். அஞ்சாவது தடவை அவ போகலை. பின்னாடியே வந்து, ரூமுக்கு நடுவுல வண்டியை நிறுத்தி, என்ற மூஞ்சியைப் பார்த்தா. அழுகலை. கோவிச்சுக்கலை. ‘ஏனுங்க, அந்த வட்டம் எங்கீங்க?’ன்னு கேட்டா.

அப்பத்தானுங்க அது என்ன வட்டம்னு எனக்குத் தெரிஞ்சுது. வண்டி ஒரு சுத்துச் சுத்தித் திரும்பறதுக்கு அஞ்சடி வேணும். அந்த அஞ்சடியைத்தான் புள்ளி வெச்சுப் போட்டிருந்துது. நான் அண்டான்னு நெனச்சுக் கிழிச்சது அவளைத்தான்.

அப்பவும் எனக்கு வாயில வந்தது என்ன தெரியுங்களா? ‘எஞ்சினியரு விட்டுப்போட்டாங்க’ன்னேன். வேன்ல ஏறினதுக்கு அப்புறம், ‘நான் வரலீங்க. நீங்க போய் இருங்க’ன்னா. அவ்வளவுதான்.

மக்கா நாளு, திங்கக்கிழமை, இங்க வந்து கத்தினனுங்க. அந்தப் பொண்ணு என்னை உட்கார வெச்சு, தண்ணி கொடுத்து, பீரோவைத் தொறந்து அந்தப் பிளானை எடுத்து மேசை மேல விரிச்சுது. என்ற சிவப்பு மை. என்ற ‘தேவையில்லை’. என்ற கையெழுத்து. எங்க போய் ஒளியறது? அப்புறம் மெதுவாக் கேட்டுது. ‘சார், நீங்க ஆபீசுல இருக்கறப்போ அம்மா தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா?’ன்னு.

தெரியாதுங்க. எனக்குத் தெரியாது. காலையில ஒரு டம்ளர் காப்பி. மத்தியானம் ஒரு மணிக்கு நான் சோத்துக்கு வர்ற வரைக்கும் பொட்டுத் தண்ணி கெடையாது. நான் வந்தாத்தானே தூக்கிட்டுப் போக முடியும்? ரெண்டு மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் மறுபடி அதே கதை. எட்டு வருசமுங்க. அவளுக்குத் தாகமே எடுக்காது, ஒடம்பு வாகு அப்படின்னு நான் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். போன வருசம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில படுத்தப்போ டாக்டரு திட்டினாரு, தண்ணி குடிம்மான்னு. நானும் அவருகூடச் சேர்ந்துக்கிட்டுத் திட்டினேன். அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட ரெண்டு மணி நேரத்துல சொன்னதை, என்கிட்ட எட்டு வருசத்துல சொல்லலை.

நான் கேக்கலை. ஆமாங்க, நான் கேக்கலை.

வழி என்னன்னு கேட்டேன். நடுச்சுவரு வெறும் செங்கல்தான் சார், எடுத்து ஒரு அடி தள்ளிக் கட்டிரலாம், பழையபடி ஏழு ஆயிரும்னுது. ஏழு. ஏழுதான் முடியும். ரெண்டடி தள்ளினா பெட்ரூம் ஒம்பது ஆயிரும், அதுவும் ஆகாத எண்ணு. வெளிப்பக்கம் தள்ளி எட்டாக்கிக் கொடு அம்மணின்னு கெஞ்சினேன். அந்தப் பக்கம் சந்து விட்டே ஆகணும், அனுமதி வாங்கினதுல இருக்குதுங்குது. யோசிச்சுச் சொல்றேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன்.

அன்னையில இருந்து மூணு ஜோசியரைப் பார்த்தாச்சுங்க. ஒருத்தர், பாத்ரூமுக்கெல்லாம் மனையடி பார்க்கற வழக்கமே இல்லீங்கறாரு. அதை அப்பவே எவனாவது எனக்குச் சொல்லியிருக்கலாமில்ல? இன்னொருத்தர் ஏழு வேண்டவே வேண்டாங்கறாரு. மூணாமத்தவர் பரிகாரம்ங்கறாரு. நான் யாரை நம்பறது? ஆறுன்னா அவ உள்ள போக முடியாது. ஏழுன்னா அவளுக்கு ஏதாவது ஆயிருமோன்னு இருக்குது. அவளை ஒரு தடவை விழ வெச்சாச்சு. மறுபடியும் என்ற கையாலேயே ஏழைப் போட்டு, அவளை உள்ள அனுப்பி, கதவைச் சாத்திக்கோன்னு சொல்லோணுமா? பயமுங்க. வேற ஒண்ணுமில்லை, பயம்.

அவளா, இந்த நாலு நாளா நான் வீட்டுல இருந்தாலும் தண்ணி குடிக்கறதில்லை. என்னைத் தூக்கச் சொல்லக் கூடாதுன்னு. உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. சோறு போட்டு வெக்கறா, வேட்டியை மடிச்சு வெக்கறா, பேச்சு மட்டும் இல்லை. காலுல விழுகறேன், ஒரு டம்ளர் குடின்னு நேத்துக் கெஞ்சினேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

இன்னைக்குக் காலையில என்ன பண்ணினா தெரியுங்களா? நான் செருப்பு மாட்டிட்டு நிக்கறேன். ஒரு சொம்புத் தண்ணியை எடுத்து, என்ற முன்னாலேயே அண்ணாந்து கடகடன்னு குடிச்சா. ஒரு சொட்டு மிச்சமில்லாம. சொம்பைக் கீழ வெச்சுட்டு, ‘போயிட்டு வாங்க’ன்னா. நாலு நாளைக்கு அப்புறம் அதுதான் மொத வார்த்தை. அதுக்கு என்ன அர்த்தமுங்க? நான் ஒரு மணிக்குத்தானே போவேன், யாரு தூக்குவா? அவளே எறங்கப் பார்த்து அந்த ரெண்டு படியில விழுந்து கெடந்தா? போனை ஏன் எடுக்க மாட்டேங்கறா? ஓடிப் போயிரலாம்னா, இந்தம்மாவைப் பார்க்காமப் போயி அவ மூஞ்சியில எப்படி முழிக்கறது? எட்டுதான், எட்டாக்கிக் கொடு, இல்லாட்டி வீட்டையே வித்துப்போடறேன்னு சொல்லத்தான் வந்து உட்கார்ந்திருக்கறேன்.

இருங்க, இருங்க, ஆபீஸ் பொண்ணு கூப்பிடுது. என்னம்மணி? மேடம் போன்ல கெடைச்சுட்டாங்களா? எங்க இருக்குதாம்? எங்க?

என்ற வீட்டுலயா?

கேட்டீங்களா? எஞ்சினியரம்மா என்ற புது வீட்டுல இருக்குதாம். தெய்வானையும் அங்கதானாம். காலையில நான் இந்தப் பக்கம் வர, அந்தப் பொண்ணு அந்தப் பக்கம் போய் அவளைக் கார்ல ஏத்திட்டுப் போயிருச்சாம். ரெண்டு பேரும் நேத்தே பேசி முடிச்சுட்டாங்களாம். கொத்தனாரு சுவரை இடிச்சுட்டு இருக்கறாராம், அந்தச் சத்தத்துல போன் கேக்கலையாம். என்ன சொல்றே அம்மணி, சுவரை இடிக்க யாரு சொன்னது? என்னைக் கேக்காம யாரு... அம்மாவா? அம்மா என்ன சொன்னாங்க? சொல்லு, பரவாயில்லை, இவரு இருக்கட்டும், சொல்லு.

‘இடம் என்ற பேருல இருக்குது. என்ற கையெழுத்து இல்லாமத் திருத்தின பிளான் செல்லாது.’

அப்படியா சொன்னா? அதே வார்த்தையா?

செல்லாதுதானுங்க. சரிதான். உரிமையாளர்னு போட்ட இடத்துல நான் கையெழுத்துப் போட்டது செல்லவே செல்லாது. முப்பத்திநாலு வருசமாப் பத்திரம் எழுதறவனுக்கு அது தோணலை. மத்தியானச் சோத்துக்கு நான் வந்து, இன்னைக்கு இன்ன பத்திரத்துல இன்ன தப்புன்னு அளந்துட்டே சாப்பிடுவேன். எல்லாத்தையும் கேட்டு வெச்சிருக்கறா.

தண்ணி குடிச்சதும் அதுக்குத்தானா? பொம்பளைப்புள்ளை ஒண்ணு கூட இருக்கும்னு தெரிஞ்சுதான் குடிச்சிருக்கறா. நான் என்னென்னமோ நெனச்சு... 

இது என்னம்மணி, பீரோவுல இருந்து எடுக்கறே? மேடம் நேத்தே வெச்சுட்டுப் போன புதுப் பிளானா? கொடு. அம்மா என்கிட்டக் காட்டச் சொன்னாங்களா?

இதைப் பாருங்க, இப்பப் படிக்கத் தெரியுது எனக்கு. ரெட்டைக் கோடு, சுவரு. கால்வட்டம், கதவு. கதவு வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி வெச்சிருக்கறாங்க. உள்ள, இதோ, புள்ளி வட்டம். பக்கத்துல அஞ்சடின்னு எழுதியிருக்குது. மேல ஏழுக்கு எட்டு. ஏழேதான். கீழ உரிமையாளர், தெய்வானை. அவ கையெழுத்துங்க இது. வங்கியில போடறதுகூட இவ்வளவு அழுத்திப் போடமாட்டா. அதுக்குக் கீழ என்னது... ‘அடித்தல் திருத்தல் இல்லை’. அதும் கீழ சாட்சி ஒண்ணு, சாட்சி ரெண்டு.

எதுக்கம்மணி பிளானுக்குச் சாட்சி? எந்த ஊருல இந்த வழக்கம்?

சார் மறுபடி திருத்தாம இருக்கறதுக்கா. சரி. சரி. சொல்லியிருப்பா. மொத சாட்சி நான் போடணுமாம். போட்டுட்டு, பிளானை எடுத்துட்டு நேரா அங்க வரச் சொன்னாளாம். வரச் சொன்னாளா? நெசமாவே சொன்னாளா அம்மணி?

ஏழுங்க. பாருங்களேன், ஏழுன்னே போட்டிருக்குது.

உங்க பேனாவைக் கொஞ்சம் கொடுங்க. என்னுது சிவப்பு, சாட்சிக்கு ஆகாது. இங்கதானே? ம். சென்னியப்பன். தேதி. அவ்வளவுதான்.

ரெண்டாவது சாட்சி நீங்க போடறீங்களா? எல்லாத்தையும் கேட்டீங்கல்ல. இப்படி வெச்சு, கோட்டுக்கு மேல போடுங்க. அட, உங்க பேரு என்னங்க? இத்தனை நேரம் நான் கேக்கவே இல்லை.